பாஸ் இருக்கு டீச்சர், பஸ் எங்க நிக்குது?

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு நிதானமாகப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைசி வரை படியுங்கள். கடைசியில் உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

போன வாரம் என்னிடம் படித்த ஒரு பெண் போன் செய்தாள். நலம் விசாரித்துவிட்டு, "டீச்சர், என் மக ஒன்பதாவது போறா. காலை டிரிப்ப நிறுத்திட்டாங்க. அடுத்த பஸ்ல போனா ரெண்டாவது பீரியட் ஆயிடுது. தெனமும் வெளியில நிக்க வைக்கிறாங்களாம். பேசாம நின்னுடுறேன்னு சொல்றா" என்றாள். போனை வைத்த பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. ஏனென்றால் இந்தப் பெண்ணின் சொந்தப் படிப்பு நின்றுபோனதும் அதே ரோட்டில், அதே ஸ்டாப்பில்தான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு பஸ் எப்போது வந்தது, காசு கொடுப்பது எப்போது நின்றது, யாருக்குக் கிடைத்தது, யார் விட்டுப்போனார்கள் என்பதையெல்லாம் நான் பார்த்ததும் படித்ததுமாக ஒரு இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

1954-ல் காமராஜர் முதலமைச்சரானார். 1963 வரை இருந்தார். பள்ளிக்கூடங்களுக்கு அவர் காலத்தில் வைத்த கணக்கு உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். ஒரு மைலுக்குள் தொடக்கப்பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப்பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப்பள்ளி. கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சுற்றி அதற்காக உழைத்தார். 1956-ல் மதிய உணவும் வந்தது. எங்கள் ஊர் ஓட்டுப் பள்ளிக்கூடம் அந்தக் கணக்கில் வந்ததுதான். அது இல்லையென்றால் நான் இல்லை, நான் இல்லையென்றால் இந்தப் பதிவும் இல்லை. ஆகவே குறை சொல்வதாக நினைக்க வேண்டாம்.

ஆனால் அந்தக் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். வகுப்பு கூடக் கூடத் தூரமும் கூடுகிறது. எந்த வயதில் ஒரு பெண் பிள்ளையை வெளியே அனுப்ப வீட்டில் யோசிக்கத் தொடங்குகிறார்களோ, அந்த வயதில் பள்ளிக்கூடம் மூன்று மைல் தள்ளிப் போய்விடுகிறது. அதற்கடுத்து ஐந்து மைல்.

என் அக்கா 1965-ல் ஐந்தாம் வகுப்பு முடித்தாள். நடுநிலைப்பள்ளி இரண்டரை மைல். அரசாங்கக் கணக்குப்படி அது பக்கத்துப் பள்ளிக்கூடம். வழியில் கண்மாய்க் கரை, அதைத் தாண்டினால் முந்திரிக் காடு. அந்த வருஷம் எங்கள் ஊரிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போக வேறு பெண் பிள்ளை இல்லை. "தொணைக்கு ஆளில்லாம எப்படி அனுப்புறது" என்று ஆத்தா சொன்னதோடு அக்காவின் படிப்பு முடிந்தது. ஐந்து வருஷம் கழித்து எனக்குப் பெரியப்பா மகள்கள் இரண்டு பேர் துணை இருந்தார்கள். நான் போனேன். எனக்கும் அக்காவுக்கும் அறிவில் ஒன்றும் வித்தியாசமில்லை. இன்றைக்கும் மளிகைக் கணக்கை நான் போனில் தட்டி முடிப்பதற்குள் அக்கா வாயால் சொல்லிவிடுவாள்.

உயர்நிலைப்பள்ளிக்குப் போனபோது பஸ் ஏறினேன். தனியார் பஸ். போக 20 பைசா, வர 20 பைசா. களை எடுக்கிற பெண்ணுக்கு நாள் கூலி இரண்டு ரூபாயைத் தாண்டாத காலம் அது. அப்பா போவதற்கு மட்டும் காசு கொடுப்பார். வரும்போது நடைதான். ஐந்து மைல் நடந்து வீடு வந்து சேரும்போது விளக்கு வைத்திருப்பார்கள். காலையில் பஸ்ஸில் போகிறேன் என்பதே எங்கள் தெருவில் பெரிய பேச்சு.

அந்த நேரத்தில்தான் தமிழ்நாட்டில் பஸ்கள் அரசுடைமை ஆகிக்கொண்டிருந்தன. 1972-ல் சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கும்பகோணத்தில் சோழன், கோவையில் சேரன். 1974-ல் தெற்கே கட்டபொம்மன். பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு பெயர். 1997-ல் அந்தப் பெயர்கள் எல்லாம் எடுக்கப்பட்டு ஒரே பெயரானது. பெயர்ப் பட்டியலை எதற்குச் சொல்கிறேன் என்றால், இலவச பாஸ் என்ற பேச்சுக்கே இதுதான் அஸ்திவாரம். பஸ் அரசின் கையில் இருந்ததால்தான் "பிள்ளைகளிடம் காசு வாங்காதே" என்று அரசால் சொல்ல முடிந்தது.

மைல் வைத்துப் பிள்ளையின் படிப்பை அளப்பது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. ஓய்வு பெற்ற பிறகு இங்கிலாந்துக் கதையைக் கொஞ்சம் படித்தேன். அங்கே 1870-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலேயே மூன்று மைல் வந்துவிடுகிறது. மூன்று மைலுக்குள் பள்ளி இல்லையென்றால் பிள்ளையை அனுப்பாததற்குப் பெற்றோரைத் தண்டிக்க முடியாது. 1944-ல் பட்லர் என்ற கல்வி அமைச்சர் கொண்டுவந்த சட்டத்தில் எட்டு வயதுக்குக் கீழே இரண்டு மைல், அதற்கு மேலே மூன்று மைல் என்று ஆனது. அந்தத் தூரத்துக்கு மேல் இருக்கிற பிள்ளையை அரசு தன் செலவில் அழைத்துப் போக வேண்டும். 1980-ல் மார்கரெட் தாட்சர் அரசு செலவைக் குறைக்க நினைத்தது. பள்ளி பஸ்ஸுக்குக் கட்டணம் வாங்க உள்ளாட்சிகளுக்கு அனுமதி கொடுக்கும் பிரிவு ஒன்றை மசோதாவில் சேர்த்தது. மார்ச் மாதம் அது பிரபுக்கள் சபைக்கு வந்தது. 36 வருஷத்துக்கு முன் சட்டம் கொண்டுவந்த அதே பட்லர், வயதான காலத்தில், தன் சொந்தக் கட்சி அரசுக்கு எதிராக நின்றார். 216-க்கு 112 என்ற கணக்கில் அரசு தோற்றது. அந்தப் பிரிவு போயிற்று.

பிரபுக்கள் சபையில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் பஸ்ஸுக்குக் காசில்லாதவர்கள் இல்லை. அவர்களுக்கே ஒரு விஷயம் புரிந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தைத் தூரத்தில் வைத்தது பிள்ளை இல்லை. அந்தத் தூரத்துக்குப் பிள்ளையிடம் காசு கேட்பது நியாயமில்லை.

நம் ஊருக்கு வருவோம். தொண்ணூறுகளில் இங்கே பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் இலவச பாஸ் வந்து ஊன்றியது. உங்களில் பாதிப் பேர் அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டியவர்கள்தான். வீட்டுக்குப் பக்கத்து ஸ்டாப்பிலிருந்து பள்ளிக்குப் பக்கத்து ஸ்டாப் வரை. சாதாரண பஸ்ஸில் மட்டும். ஒரு வருஷப் படிப்புக்கு ஒரு அட்டை. ஜூன் மாதம் போட்டோ ஒட்டி, ஹெட்மாஸ்டர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, கட்டுக்கட்டாக டிப்போவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். அட்டை வந்து சேரச் சில சமயம் ஆகஸ்ட் ஆகிவிடும். அதுவரை சீருடையைப் பார்த்து ஏற்றிக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு வருஷமும் உத்தரவு வரும். அதைக் கேட்கிற கண்டக்டரும் உண்டு, கேட்காதவரும் உண்டு.

அந்தப் பிள்ளைகளை "ஓசி பஸ்" என்று கேலி செய்பவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். "ஓசி" என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். கும்பினிக்காரன் காலத்தில் அரசாங்கத் தபால்களுக்கு முத்திரைக் கட்டணம் கிடையாது. கும்பினி வேலையாக என்று குறிக்க இங்கிலீஷில் ஓ.சி.எஸ். என்று மூன்று எழுத்துப் போடுவார்களாம். அதிலிருந்து வந்ததாம். அந்த விளக்கம் சரியோ தப்போ, எனக்குப் பிடிக்கும். அரசாங்க வேலையாகப் போகிற காகிதத்துக்குக் காசில்லை என்றால், படிக்கப் போகிற பிள்ளையும் அரசாங்க வேலையாகத்தானே போகிறது? கூடவே, இதற்கு யாரும் பணம் கொடுக்கவில்லை என்றும் நினைக்காதீர்கள். பிள்ளைகளின் பயணத்துக்கான தொகையை அரசு வருஷா வருஷம் பட்ஜெட்டில் ஒதுக்கிப் போக்குவரத்துக் கழகங்களுக்குக் கொடுக்கிறது. அது இப்போது ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்.

இனி அந்தப் பெண்ணின் கதை. பெயர் வேண்டாம். "எழுதுங்க டீச்சர், பேரு மட்டும் போடாதீங்க" என்று அவளே சொல்லிவிட்டாள்.

2003-ஆம் வருஷம். நம் பள்ளி எட்டாம் வகுப்பு வரைதான். எட்டு முடித்தவர்கள் ஒன்பதாம் வகுப்புக்கு ஏழு கிலோமீட்டர் போக வேண்டும். அவள் தெருவிலிருந்து மூன்று பெண்கள் சேர்ந்தார்கள். ஜூலையில் மூன்று பேருமே போகவில்லை என்று கேள்விப்பட்டு வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா பாஸை எடுத்து என் கையில் கொடுத்தார். புத்தம் புதிதாக இருந்தது. "பாஸ் இருக்கு டீச்சர். பஸ் எங்க நிக்குது?" என்றார்.

மறுநாள் காலை நானே போய் ஸ்டாப்பில் நின்றேன். பஸ் வந்தது. வேகம் குறைந்தது. சீருடைக் கூட்டத்தைப் பார்த்ததும் நூறடி தள்ளிப் போய், இறங்க வேண்டியவர்களை இறக்கிவிட்டுக் கிளம்பிவிட்டது. பையன்கள் ஓடிப்போய்ப் படியில் தொற்றிக்கொண்டார்கள். தாவணியும் புத்தகப் பையுமாகப் பெண் பிள்ளைகள் எப்படி ஓடுவார்கள்? ஓடினாலும் எப்படித் தொங்குவார்கள்?

கோபத்தோடு டிப்போவுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "அம்மா, அந்த டிரிப்புல அறுபது பேர் ஏறுனாலும் பையில நாப்பது ரூபாதான் விழுது. பாஸுக்கு அரசு குடுக்குற பணம் மேல போயிடுது. என்னைக் கேக்குறது டிரிப்புக்கு எவ்வளவு வசூல்னுதான். டிரைவர், கண்டக்டருக்கு பேட்டாவும் வசூலப் பாத்துத்தான்" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் விளங்கியது. பிள்ளைக்காக அரசு பணம் கொடுக்கிறது. ஆனால் அந்தப் பணம் பிள்ளை ஏறுகிற பஸ்ஸின் கணக்கில் தெரிவதில்லை. அந்த டிரிப்பில் பிள்ளை ஒரு பயணியே இல்லை, இடத்தை அடைக்கிற ஒரு சுமை. நிற்காமல் போகிற கண்டக்டரைத் திட்டி என்ன பிரயோஜனம்? கணக்கே அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டேன். ஐந்து நாள் அந்த ஸ்டாப்பில் நின்று, பாஸ் வைத்திருக்கிற பிள்ளைகள் எத்தனை பேர், எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் விடுபட்டார்கள் என்று எழுதினேன். ஒரு நாளைக்கு 43 பிள்ளைகள். அந்த நோட்டையும் உயர்நிலைப்பள்ளி ஹெட்மாஸ்டரின் கடிதத்தையும் சேர்த்து, ஏழெட்டுத் தாய்மார்களோடு போய்க் கொடுத்தோம். மூன்றாவது மாதம் நேரம் இருபது நிமிஷம் முன்னால் மாறியது. பஸ் நின்றது. இரண்டு பெண்கள் மறுபடி பள்ளிக்குப் போனார்கள். ஒருத்தி இன்று நர்ஸ். மூன்றாவது பெண்ணை அதற்குள் திருப்பூரில் இருந்த அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள்தான் போன வாரம் போன் செய்தவள்.

மூன்று மாதம் என்பது ஆபீஸில் ஒரு கோப்பு நகர்கிற நேரம். வீட்டில் ஒரு பெண்ணின் படிப்பு முடிந்துபோகிற நேரம்.

அதற்குப் பிறகு நல்லது எதுவும் நடக்கவில்லை என்று சொன்னால் அது நன்றிகெட்ட பேச்சு. நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள். நானும் அப்போது முழங்கை தேயக் கற்றவள்தான். பிறகு 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவிகளுக்கு இலவச சைக்கிள் வந்தது. 2005-06-ல் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்தது. 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010-ல் வந்த மத்திய விதிகளின்படி ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும். பள்ளி வைக்க முடியாத சின்னக் குடியிருப்புகளுக்கு வாகன வசதி போன்ற ஏற்பாட்டை அரசு செய்ய வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கே டிக்கெட் இல்லை. பெற்றோர் கூட்டத்துக்கு வராத தாய்மார்கள் அதற்குப் பிறகு வரத் தொடங்கினார்கள் என்று இப்போது வேலையில் இருக்கிற டீச்சர்கள் சொல்கிறார்கள்.

இத்தனையும் இருக்கிறதே, இன்னும் என்ன குறை என்று கேட்பீர்கள். நான் கணக்கு டீச்சர் இல்லையா, ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் மூன்று கிலோமீட்டர் எட்டாம் வகுப்போடு முடிகிறது. சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில் கிடைக்கிறது. நடுவில் இருப்பது ஒன்பதும் பத்தும். அந்த இரண்டு வருஷம் பிள்ளையிடம் இருப்பது பஸ் பாஸ் ஒன்றுதான். 2003-ல் நின்றவளும் ஒன்பதாவதில்தான் நின்றாள். அவள் மகளும் இன்று ஒன்பதாவதில்தான் இருக்கிறாள்.

பையன்களுக்கும் இதில் ஆபத்து உண்டு. 2012 டிசம்பரில் சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் பஸ் படியில் தொங்கிப்போன மாணவர்கள் 4 பேர் லாரி இடித்து இறந்தார்கள். அதே வருஷம் ஜூலையில் ஒரு தனியார் பள்ளி பஸ்ஸின் ஓட்டை வழியாக ஒரு சின்னப் பெண் விழுந்து இறந்தாள். அதற்குப் பிறகு பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. உதவியாளர் இருக்க வேண்டும், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்க வேண்டும் என்றெல்லாம் ஆனது. நல்லதுதான். ஆனால் நம் பிள்ளைகளுக்கு டவுன் பஸ்தான் பள்ளி வாகனம். அதில் எத்தனை பேர் ஏறலாம், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதைப் பள்ளிக்கூட மணியைப் பார்த்து யாரும் எழுதுவதில்லை.

ஆகவே நான் இத்தனை வருஷத்தில் கற்றுக்கொண்டது ஒன்றுதான். பாஸ் கட்டணத்தைத்தான் தள்ளுபடி செய்யும். தூரத்தைத் தள்ளுபடி செய்யாது. தூரத்தைக் குறைப்பது, பள்ளி மணிக்கு முன்னால் வந்து, நின்று, ஏற்றிக்கொண்டு போகிற பஸ். இலவசம் கொடுத்துவிட்டோம் என்று சொல்வதற்கு முன்னால் எத்தனை பாஸ் அச்சடித்தோம் என்று எண்ணினால் போதாது. எத்தனை பிள்ளை ஏறினது என்று எண்ண வேண்டும். பாஸில் ஏறுகிற பிள்ளையையும் அந்த டிரிப்பின் வசூலாகவே எழுதினால், எந்த டிப்போவும் அந்த டிரிப்பை முதலில் வெட்டாது.

இதை எழுதி அக்காவிடம் படித்துக் காட்டினேன். மூன்று மைல் கணக்கைக் கேட்டுவிட்டு, "அளந்தவன் மழை நாள்ல நடந்து அளந்தானா?" என்று கேட்டாள். வேறொன்றும் சொல்லவில்லை.

சரி, இப்போது வேலைக்கு வருவோம்.

அந்த ஸ்டாப்பை ஒட்டிய நான்கு ஊர்களில் இருக்கிற என் பிள்ளைகள், உங்கள் தெருவிலிருந்து ஒன்பதாவது, பத்தாவது போகிற பிள்ளைகளின் எண்ணிக்கையை ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்புங்கள். பெயர் வேண்டாம், வகுப்பும் ஊரும் போதும். ஆணா பெண்ணா என்று போடுங்கள். யாராவது நின்றுவிட்டிருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள், நான் வீட்டுக்குப் போகிறேன்.

கண்டக்டராகவும் டிரைவராகவும் இருக்கிற என் பிள்ளைகள் மூன்று பேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். எந்த நேரத்துக்கு எந்த வண்டியை மாற்றினால் இந்த டிரிப் திரும்ப வரும் என்று எங்களை விட உங்களுக்குத்தான் தெரியும். அதை மட்டும் எழுதிக் கொடுங்கள். மனுவில் வெறும் புலம்பலாக இல்லாமல் ஒரு வழியாகவும் இருக்கட்டும்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள். அதற்கு முன் மூன்று நாள் காலை ஏழு மணிக்கு நான் அந்த ஸ்டாப்பில் இருப்பேன். நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்துவிட்டேன். முட்டி வலி இருக்கிறது, ஆகையால் யாராவது ஒருவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தால் நல்லது.

உங்கள் டீச்சர்.